பிள்ளைத்தாச்சி கேட்டது

— யக்கா, மரம் மாதிரி நின்னுகினு கீறியே. டிக்கெட்டு கியிச்சாச்சு. ஏறு.

— ஏளா ஃப்ளோரா, ஏழு மாசத்துப் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு ராட்டினத்துல ஏறுதேன்னு நிக்கியே. கார்னிவல் பாக்கணும்னு சொன்ன, அத்தை என்னையத் தொணைக்கு அனுப்புனாவ, வந்தோம். பேசுத தலையப் பாத்தாச்சு, மரணக் கெணத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டுதவனப் பாத்தாச்சு. போதும். வெயில் தாழுததுக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம்.

— ரெண்டு தலை கன்னுக்குட்டிய வுட்டுட்டியே.

— அதப் பாக்காதன்னு சொன்னேம்லா. மாசமா இருக்கவ அந்தக் கூடாரத்துக்குள்ள போலாமா? நீ மூணு மட்டம் போய்ட்டு வந்த.

— போனேன். செத்துப்போயி ஜாடியில மெதக்குது. உன் கொயந்தயும் ரெண்டு தலையோட வரட்டுமேன்னு நல்லா பாத்துகினு வந்தேன். ஒண்ணு உனுக்கு, ஒண்ணு எனுக்கு. சண்டையே வராது.

— சேசு மரி சூசை. என்ன வாயிளா இது.

— இன்னா, தப்பா சொல்ட்டனா? உன் கொயந்ததானே யக்கா. நம்ம மாமியாக்காரி மாதா படத்துக்கு முன்னால நின்னு சொல்லல? பெரியவன் ஸ்டானிஸ்லாஸுக்குக் கண்ணாலமாயி ஒம்போது வருசமாச்சு, ஒரு பூச்சி புயு இல்ல. சின்னவன் ஹென்றிக்குத்தான் ரெண்டு பொட்டப்புள்ள கீதே, இந்த மூணாவது பெரியவன் பொண்டாட்டி மடியில வளரட்டும்னு. உன் வூட்டுக்காரரு தலைய ஆட்டினாரு. என் வூட்டுக்காரரு அத்தவிட ஜோரா ஆட்டினாரு. நான் அடுப்பாண்ட குந்திகினு சுறாப்புட்டு கெளறிகினு இருந்தேன். ஒருத்தரும் என்னிய கேக்கல. நீயும் கேக்கல.

— அந்த வீட்டுல அத்தை சொன்னா நான் எதுத்துப் பேச முடியுமா? நான் என்ன செய்ய?

— பேச முடியாது. ஆனா சட்டை தைக்க முடியும். அஞ்சு சட்டை தச்சி ட்ரங்கு பொட்டிக்குள்ள அந்துருண்டை போட்டு வச்சிகினு கீற. நான் பாக்கலன்னு நெனச்சிகினியா?

— தங்கச்சி, ஏறறதுன்னா ஜல்தி ஏறுங்க. பின்னால சனம் நிக்குது. இன்னா இது, வயிறும் வாயுமா கீறீங்க? நான் புள்ளத்தாச்சிய ஏத்தறதில்லம்மா. மிஷினுக்குக் கண்ணு கெடையாது. நவுந்து அந்தாண்ட போங்க, டிக்கெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடலாம்.

— உன் பேரு இன்னா பாய்?

— தமீம்.

— தமீம் பாய், நான் ஆசப்பட்டுக் கேக்கறேன். புள்ளத்தாச்சி கேட்டத இல்லன்னு சொன்னா கொயந்தைக்குக் காதுல சீ வடியும். அந்தப் பாவம் உன் தலையில வுய்ந்தா பரவாயில்லியா?

— அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி. என் வூட்டுல மூத்தவன் வயித்துல இருக்கசொல்ல, ஒட்டுமாங்கா வோணும்னு கேட்டா. மாங்கா சீசன் இல்ல, எங்க போறதுன்னு வுட்டுட்டேன். அவனுக்குப் பதினோரு வயசு ஆவுது. இன்னிக்கும் காதுல பஞ்சு வச்சிகினு கீறான்.

— பாத்தியா. உனுக்கே தெரிஞ்சி கீது.

— ஏறுங்க. மெதுவா சுத்தறேன். கூட யாரு வர்றது?

— இதோ இந்த யக்கா. என் ஓரகத்தி, ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரி. நல்லா சீப்பு மாதிரி கீறா, எடம் அடைக்க மாட்டா.

— நான் வரல. நான் கீழயே நிக்கேன்.

— இன்னா, பயமா?

— பயம்னே வச்சுக்க. தல சுத்தும் எனக்கு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.

— எனுக்கு ஆசையா கீது யக்கா, நீ என் பக்கத்துல குந்தணும்னு. கொயந்தைக்குக் காது வடிஞ்சா நானா தொடைக்கப் போறேன்? பொறந்த அன்னிக்கே தூக்கிகினு போயிடுவ. பஞ்சு வச்சிகினு ஆயுசு பூரா தொடைக்கப் போறது நீதான்.

— வேற என்ன வேணும்னாலும் கேளு. என் கையில கெடக்க வளையலக் கேளு, கழத்தித் தாரேன். இத மட்டும் கேக்காதளா. உன் காலப் பிடிக்கேன்.

— வளையலு எனுக்கு வோணாம். நீ வரலன்னா போ. நான் தனியா ஏறுறேன். அப்பால பாய்கிட்ட பலமா சுத்தச் சொல்றேன், மேல போயி எய்ந்து நின்னுகினு ஆடறேன். உன் மாமியாகிட்ட நீயே போயி பதில் சொல்லிக்க. கூட வந்தவ நீதானே.

— செய்யவும் செய்வ நீ.

— செய்வேன். சொல்ட்டேன்.

— தள்ளி உக்காரு. வாரேன்.

— அப்படி வா வயிக்கு. பாய், இந்த இரும்புக் கம்பிய மாட்டு.

— மாட்ட மாட்டேங்குதும்மா. உங்க வயிறு தடுக்குது. கொக்கி வரைக்கும் எட்டல.

— கயித்தால கட்டு.

— கட்டறேன். ஆனா கம்பி ஆடும், கையால புடிச்சிகினு குந்துங்க. இன்னொண்ணு கேட்டுக்குங்க. சுத்த ஆரம்பிச்சா பன்னெண்டு சுத்து. நடுவுல நிறுத்துன்னா நிறுத்த முடியாது. ஒரு பக்கம் கனமாவும் ஒரு பக்கம் காலியாவும் நின்னா சக்கரம் தானா திரும்பி ஆளக் கொன்னுடும். ஒரு பொட்டிய எறக்கினா அதுக்கு எதிர் பொட்டிய எறக்கணும், அப்படித்தான் ஒண்ணொண்ணா எறக்குவேன். மிலிட்டரி லாரி எஞ்சினு இது, சண்டை முடிஞ்சி ஏலத்துல எடுத்தது. கொஞ்சம் இஸ்துதான் ஓடும்.

— ஓட்டு பாய். பாத்துக்கலாம்.

— ஃப்ளோரா, கம்பி உன் வயித்துக்கு நேரா ஆடுது பாரு. ஒரு இடி இடிச்சா என்னத்துக்கு ஆவும். நீ அந்த ஓரமா ஒட்டி உக்காரு. நான் திரும்பிக் குறுக்க சாஞ்சுக்கிடுதேன். ஆடுனா என் மேல படட்டும்.

— எம்மா, இன்னா கரிசனம். என் மேல இல்ல, சரக்கு மேல. ஹார்பர்ல பொட்டி மேல கண்ணாடின்னு எய்தி வச்சா கூலிக்காரன் பொத்திப் பொத்தி எறக்குவானே, அந்த மாதிரி.

— என்னமும் சொல்லிக்க.

— ஏறுது பாரு. அதோ கடலு. நாலு கப்பலு நிக்குது, மூணாவதுல என் வூட்டுக்காரரு சரக்கு தூக்கற விஞ்சு ஓட்டிகினு இருப்பாரு. இந்தாண்ட பாரு, பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் பொகை. அதுக்குக் கீய ரெயில் யார்டுல உன் வூட்டுக்காரரு பச்சைக் கொடி ஆட்டிகினு இருப்பாரு. நம்ம ரெண்டு பேரும் இங்க கீறது ரெண்டு பேருக்கும் தெரியாது. கத்தினாலும் கேக்காது.

— என்னத்துக்கு இப்பக் கத்தணும்?

— நீ கண்ணத் தொறந்து பாக்கல. இன்னும் சுத்தவே ஆரம்பிக்கல, கீய ஆள ஏத்திகினு கீறான். உச்சியில நிக்கறோம். இப்ப பேசலாம். உன்னிய எதுக்கு இட்டுகினு வந்தேன் தெரியுமா?

— தெரியல.

— வூட்ல உன்னாண்ட பேச முடியல. நான் வாயத் தொறந்தா கெயவி வந்து குறுக்க நிக்கறா. இல்லாட்டி நீ ஜெபமாலைய எடுத்துகினு மாதா கோயிலுக்கு எய்ந்து போயிடற. இங்கேந்து எங்க போவ? சத்தியம் பண்ணு யக்கா. மாதா மேல ஆணையா எனுக்கு இந்தக் கொயந்த வோணாம்னு நீயே மாமியாகிட்ட சொல்றேன்னு சத்தியம் பண்ணு.

— அத மட்டும் இப்பக் கேக்காத.

— இப்பதான் கேப்பேன்.

— கொஞ்ச நாள் பொறுளா. உனக்குப் பேறுகாலத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. நானே வந்து ஒரு முடிவு சொல்லுதேன்.

— இன்னா முடிவு? பேரு வச்சி முடிச்சிட்டியா? ஞானஸ்நானத்துக்கு ஃபாதரப் பாத்துட்டியா?

— அது இல்ல.

— வேற இன்னா? தூத்துக்குடிலேந்து உங்கம்மா தொட்டில் எடுத்துகினு வரப்போறாளா?

— ஃப்ளோரா, நானும் ஒண்ணு கேக்கேன், கோவப்படாம சொல்லு. உனக்கு ரெண்டு இருக்கு. மூத்ததுக்கு எப்பவும் சளி, இளையதுக்கு நீ பால் குடுக்கதுக்கே நேரமில்லன்னு நான்தான் கஞ்சி காச்சி ஊட்டுனேன். யாரு கொண்டு வார அரிசி அந்த வீட்டுல கொதிக்கி? ஹென்றி தம்பி கள்ளுக்கடையில விட்டது போக மிச்சம் என்ன கொண்டு வாராரு? மூணாவதையும் நீ எப்படி வளப்ப?

— அப்படி வா. உன் வாயிலேந்தும் வருதே. சோறு போட்டியே, அதுக்குக் கூலி கொயந்தயா? ராயபுரத்துல ஆட்டுக்காரன் கூட குட்டிய வித்தாதான் தூக்கிக் குடுப்பான்.

— நான் அப்படிச் சொல்லல.

— நீ மலடி. அத்த ஏன் சுத்தி சுத்திப் பேசற? உன் வயித்துல ஒண்ணு தங்கல. அஞ்சு வருசத்துக்கு முன்னால ரெண்டு மாசம்னு சொல்லிகினு தெரு பூரா பாயசம் குடுத்தியே, நெனவு கீதா? நாங்கூட ரெண்டு டம்ளரு குடிச்சேன். மூணா நாளு ரத்தம் பட்ட கியிஞ்ச பொடவையத் தோச்சிகினு இருந்த.

— ஞாபகம் இருக்கு. சொன்னது என் தப்பு. மூணு மாசம் முடியாம தலையணைகிட்டக் கூடச் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மை சொன்னா. நான் கேக்கல. சந்தோசம் தாங்காம சொல்லிட்டேன். நீ அத இப்ப எடுக்க வேண்டாம்.

— எடுப்பேன். நீ என் வயித்தையே எடுக்கப் போற. சுத்த ஆரம்பிச்சிட்டான் பாரு. பிடிச்சிக்க.

— சேசு மரி சூசை. மெல்ல. மெல்ல.

— நான் ஒண்ணியும் பண்ணல. சக்கரம் சுத்துது. ஒண்ணு. இது ஒரு சுத்து. சொல்லு.

— கீழ எறங்கிப் பேசுவோம்.

— ரெண்டு. கீய எறங்கினா நீ மாறிடுவ. பாய். தமீம் பாய். இன்னும் பலமா.

— மெதுவாத்தான் சுத்துவேன்னு சொன்னனே தங்கச்சி.

— ஆசப்பட்டுக் கேக்கறேன் பாய். உன் மூத்தவன் காத நெனச்சிக்க.

— உங்க இஷ்டம். அல்லா மேல பாரத்தப் போட்டு முடுக்கறேன். கெட்டியாப் புடிச்சிக்குங்க.

— வேண்டாம் பாய். அவ சொல்லுதான்னு கேக்காதிய. பாய். கேக்கல அவருக்கு. ஏளா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா, உன் பிள்ளதான இது.

— இப்ப மட்டும் என் புள்ளயா? நல்லா கீதே. நாலு. பொட்டிய ஆட்டட்டா யக்கா? கால ஊணி இப்படித் தள்ளினா ஊஞ்சல் மாதிரி போவுது பாரு. குஷியா கீதுல்ல?

— ஆட்டாத. கம்பி அவுந்து வருது. கயிறு தளந்துட்டு. ஆட்டாதளா, உன் வயித்துல இடிச்சிரும்.

— நீதான் குறுக்க கீறியே. காவக்காரி. அஞ்சு. சத்தியம் பண்ணு, நிறுத்திடறேன்.

— கொஞ்ச நாள். ரெண்டே ரெண்டு வாரம். அது வரைக்கும் பொறுத்துக்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்காத.

— ரெண்டு வாரத்துல இன்னா வானத்துலேந்து வுய்வுமா? என்னிய டபாய்க்காத. இந்தா. இந்தா. இந்தா.

— அம்மா.

— இன்னாச்சு?

— கம்பி. கம்பி இடிச்சிட்டு.

— எங்க? என் மேல படலியே.

— எம்மேல. அடிவயித்துல. ஆட்டாத ஃப்ளோரா. கெஞ்சிக் கேக்கேன்.

— சத்தியம் பண்ணு.

— இன்னொரு மட்டம் இடிக்கி. ஐயோ, போதும். சரி. சரிளா. ஒம் பிள்ள எனக்கு வேண்டாம். மாதா மேல ஆணை.

— கெயவிகிட்ட நீயே சொல்வியா?

— நானே சொல்லுதேன். நிறுத்து.

— சிலுவையத் தொட்டு சொல்லு. கய்த்துல தொங்குதே, அத்தத் தொட்டு.

— தொட்டுட்டேன். ஃப்ளோரா பிள்ளைய நான் எந்தக் காலத்துலயும் கேக்க மாட்டேன். போதுமா. பாய்ட்ட சொல்லு, நிறுத்தச் சொல்லு.

— பன்னெண்டு சுத்து யக்கா. அந்தாளு சொன்னானே, நடுவுல நிறுத்த முடியாது. ஏயுதான் ஆயிருக்கு. நான் ஆட்டறத நிறுத்திட்டேன், பாரு, கால எடுத்துட்டேன். நேரா குந்து. எதுக்கு இப்படி மடங்கிகினு கீற?

— இப்படியே இருந்துக்கிடுதேன்.

— கோவமா? கோவப்படாத. நீ சத்தியம் பண்ணிட்ட, எனுக்கு உன் மேல ஒரு வருத்தமும் கெடயாது. ஒண்ணு சொல்லட்டா? சொம்மா உன்னியப் பயங்காட்டினேன். எனுக்கு ஒண்ணியும் ஆவாதுன்னு எனுக்குத் தெரியும். சின்னது வயித்துல கீறப்போ எட்டாம் மாசம் மீன் கூடைய தலையில வச்சிகினு எர்ணாவூர் வரைக்கும் நடந்தேன். ரெயிலுக்கு ஓடினேன், வரப்பு தடுக்கி வுய்ந்தேன். அது கல்லு மாதிரி பொறந்துச்சி. என் வயித்துல வந்து ஒட்டினது சாமானியத்துல எறங்காது.

— நல்லது.

— எட்டு. காத்து எப்படி வருது பாரு. நீ வேணா ஒண்ணு பண்ணு யக்கா. ஞானத்தாயா நீயே இரு. ஞானஸ்நானத்துக்கு நீயே தூக்கிகினு வா. அந்த அஞ்சு சட்டையையும் போட்டு வுடலாம், எதுக்கு வீணாவணும். பகல்ல நீ வச்சிக்க, ராவுல நான் வச்சிக்கறேன். நான் ஒண்ணும் அவ்ளோ கெட்டவ கெடயாது.

— ம்.

— அய்வுறியா? அய்வாத. எறங்கினதும் உனுக்கு நன்னாரி சர்பத் வாங்கித் தர்றேன். இன்னா மூஞ்சி வெளுத்து பூட்டுது? பட்டினியோட வந்தது தப்பு. நேத்து கூட நெத்திலி வாசம் ஆவலன்னு வெளிய ஓடின. ஒடம்பப் பாத்துக்க.

— இன்னும் எத்தன சுத்து?

— பத்து முடிஞ்சிச்சி. கீய நிக்கிறவங்கல்லாம் அண்ணாந்து பாக்குறாங்க. பதினொண்ணு. அவ்ளோதான். மெதுவாவுது பாரு.

— நம்மள முன்னால எறக்கச் சொல்லு.

— பாய், எங்கள முன்னால எறக்கு. யக்காவுக்குத் தல சுத்துதாம்.

— முறையாத்தான் எறக்கணும் தங்கச்சி. எதிர் பொட்டி ஆளு எறங்கட்டும். அடுத்தது நீங்கதான். அங்கியே குந்துங்க, கால கீய வெக்காதீங்க. ஆங், வாங்க. மெதுவா. மொதல்ல வயித்துக்காரி எறங்குங்க. அச்சா. இப்ப நீங்கம்மா.

— எந்திக்க முடியல பாய்.

— யக்கா, நடிக்காத. எல்லாரும் பாக்கறாங்க. கையக் குடு.

— தங்கச்சி, தங்கச்சி, நகராதீங்க. பலகையப் பாருங்க. ரத்தம் கீது. நான் அப்பவே சொன்னேன், புள்ளத்தாச்சிய ஏத்த மாட்டேன்னு. யாராச்சும் ஒரு ரிக்ஷாவக் கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

— எனுக்கா? எனுக்கு ஒண்ணியும் இல்லியே பாய். ஒதைக்குது. இதோ இப்பக்கூட ஒதைக்குது. என் பொடவை சுத்தமா கீது பாரு. நான் அந்த ஓரத்துல குந்திகினு இருந்தேன்.

— அப்ப இது ஏதும்மா? சொட்டுது பாருங்க.

— யக்கா, உனுக்கா? வூட்டுக்குத் தூரமா? வர்றப்பவே சொல்லித் தொலைக்கறதுதானே. ராட்டினத்துலியா ஏறுவாங்க.

— தூரம் நின்னு எண்பத்தோரு நாளாச்சுளா. தொண்ணூறு முடியட்டும், ஒம் பிள்ளைய நீயே வச்சுக்கன்னு சொல்லுவோம்னு இருந்தேன்.